நாய்க்குட்டியின் வயிற்றுப் பூச்சி: இரண்டாம் கிழமையிலேயே மருந்து

விவிலியத்தில் வரும் தோபித்து நூல், இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையாகும். சொந்த மண்ணிலிருந்து நினிவே நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்தக் குடும்பத்தின் மகன் தோபியா தூரப் பயணம் புறப்பட்டபோது, இரபேல் தூதர் வழித்துணையாகச் சென்றார். வீட்டு நாயும் கூடவே போயிற்று என்று அந்நூல் கூறுகிறது. எமது மக்களின் கதையும் இதற்குத் தூரமானதல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2009 இல் வன்னியிலிருந்தும் மக்கள் புறப்பட்டபோது ஆடு மாடுகளை அவிழ்த்து விட்டுப் போனவர்கள் பலர். சில நாய்கள் பின்னாலேயே வந்தன. சில வெறும் வீட்டைக் காத்துக்கொண்டு கிடந்தன.

ஊர் திரும்பியவர்களும், இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களும் மறுபடியும் நாய் வளர்க்கின்றார்கள். பயிருக்குள் பன்றி இறங்காமல் பார்க்கவும், இரவில் ஆட்டையும் கோழியையும் காக்கவும் நாய் வேண்டும். ஆனால் ஓர் ஈற்றில் ஆறு குட்டி பிறந்தால் இரண்டு மாதம் முடிய முன்னர் இரண்டோ மூன்றோதான் மிஞ்சுகின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். "கண்ணூறு பட்டுவிட்டது", "இனிப்புத் தின்றதால் பூச்சி வந்துவிட்டது" என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது. இனிப்பினால் பூச்சி வருவதில்லை. தாயிடமிருந்தும் மண்ணிலிருந்தும் வருகிறது. இப்படிச் சாகும் குட்டிகளிற் பலவற்றைச் சொற்பச் செலவில் காப்பாற்றலாம். அதற்கான வழியை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பூச்சி எங்கிருந்து வருகிறது?

பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் குடற்புழுக்களில் மூன்று வகை, நாய்க்குட்டிகளைப் பொறுத்தவரை முக்கியமானவை.

முதலாவது வட்டப்புழு. வெண்மஞ்சள் நிறத்தில், இடியப்ப இழை போன்று இருக்கும். இப்புழுவின் குஞ்சுகள் தாய் நாயின் தசைகளில் பல மாதங்கள், சில வேளை வருடக்கணக்காக, உறங்கிக் கிடக்கின்றன. அந்நிலையில் சாதாரண பூச்சி மருந்து அவற்றைத் தொடுவதில்லை. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். அதில் கடைசி மூன்று கிழமைகளில் இக்குஞ்சுகள் விழித்தெழுந்து, நச்சுக்கொடியின் வழியாக வயிற்றிலுள்ள குட்டியின் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. ஆகவே குட்டி பிறக்கும்போதே பூச்சியுடன்தான் பிறக்கிறது. குட்டிக்கு மூன்று கிழமை ஆகும்போதே அதன் குடலில் புழுக்கள் முற்றி முட்டையிடத் தொடங்கிவிடலாம். ஒரு பெண்புழு ஒரே நாளில் ஒரு இலட்சம் முட்டை வரை இடக்கூடியது.

இரண்டாவது கொழுக்கிப்புழு. ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள மெல்லிய புழு. தாய்ப்பால் மூலமாகக் குட்டியை அடைகிறது. ஈர மண்ணில் கிடக்கும் அதன் குஞ்சு, குட்டியின் தோலைத் துளைத்தும் உள்ளே போகும். குடற்சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிப்பதே இதன் தொழில். ஒரு புழு நாளொன்றுக்கு ஒரு மில்லிலீற்றரின் பத்திலொரு பங்கு வரை இரத்தத்தை வீணாக்கலாம். இது சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் 600 கிராம் நிறையுள்ள குட்டியின் உடலில் மொத்தமாக இருப்பது ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் இரத்தம் மட்டுமே. நூறு புழு இருந்தால் அக்குட்டி எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கொழுத்த குட்டி இரண்டு மூன்று கிழமையில் திடீரென்று சோர்ந்து சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவது நாடாப்புழு. இது தாயிடமிருந்து வருவதில்லை. தெள்ளினால் வருகிறது. குட்டி தன் உடலைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கிவிட, அத்தெள்ளுக்குள் இருக்கும் புழுக்குஞ்சு குடலில் வளர்கிறது. குட்டியின் பின்புறத்திலோ மலத்திலோ சோற்றுப் பருக்கை போன்று ஒட்டிக்கொண்டிருப்பவை இப்புழுவின் துண்டுகளே.

அறிகுறிகள்

வயிறு பானை போல் பெருத்து, முதுகெலும்பு தெரிய உடல் மெலிதல், உரோமம் மினுக்கமிழந்து சிலிர்த்து நிற்றல், வயிற்றோட்டம், சத்தியிலோ மலத்திலோ புழு வெளிவருதல், இருமல் ஆகியன வட்டப்புழுவின் அறிகுறிகள். புழுக்குஞ்சு நுரையீரல் வழியாகச் செல்வதனாலேயே இருமல் வருகிறது.

கொழுக்கிப்புழு இருந்தால் மலம் தார் போலக் கறுத்திருக்கும். குட்டியின் உதட்டை உயர்த்தி முரசைப் பாருங்கள். சுகமான குட்டியின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறிக் கடதாசி போல் இருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட குட்டியை அன்றைக்கே சாக்கில் சுற்றிச் சூடாக வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். சத்தியும் இரத்த வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் அது பூச்சியாக அல்லாமல் பார்வோ வைரசு நோயாகவும் இருக்கலாம். அதையும் வைத்தியரே பார்க்க வேண்டும்.

ஆனால் அறிகுறி தெரியும் வரை காத்திருப்பதே எமது முதலாவது பிழை. மலத்தில் புழு தெரியவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று எண்ணக்கூடாது. நாட்டுக் குட்டி ஒவ்வொன்றுக்கும் பூச்சி உண்டு என்று வைத்துக்கொண்டே மருந்தைத் தொடங்க வேண்டும்.

நான் செய்த பிழை

இரண்டாவது பிழை, கையில் அகப்பட்ட மருந்தைக் கொடுப்பது. இதை நானே செய்திருக்கின்றேன். 2011 இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றுக்கான பூச்சி மருந்தும் வந்தது. லெவாமிசோல் என்ற மருந்து. ஆடுகளுக்குக் கொடுத்து முடிந்த பின் போத்தலில் கொஞ்சம் மிஞ்சியது. கோயிலுக்குப் பக்கத்து வளவில் ஓர் ஆச்சி ஐந்து நாய்க்குட்டிகள் வைத்திருந்தார். வயிறு பெருத்திருந்த அக்குட்டிகளுக்கு, நிறை பார்க்காமல், கண்மட்டத்துக்கு ஒவ்வொரு தேக்கரண்டி கொடுக்கச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்குள் குட்டிகளின் வாயிலிருந்து நீர் வடியத் தொடங்கியது. உடல் நடுங்கியது. இரண்டு குட்டிகள் அன்றிரவே செத்துவிட்டன.

மறுநாள் ஆச்சி என்னைக் கோபிக்கவில்லை. "சுவாமி, ஆட்டுக்கு நல்ல மருந்துதான். குட்டிக்கு அளவு பிழைச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். நல்ல மனம் இருந்தால் போதும், அளவு தெரியத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. லெவாமிசோலைப் பொறுத்தவரை நோயைத் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நாய்களில் மிகச் சிறியது என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன்.

எந்த மருந்து?

பால்குடிக் குட்டிக்கு ஏற்ற மருந்து பைரன்ரெல் என்பதாகும். இது வட்டப்புழுவையும் கொழுக்கிப்புழுவையும் வெளியேற்றும். குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகச் சொற்பமாகவே செல்வதால் இரண்டு கிழமைக் குட்டிக்கும் பாதுகாப்பானது. நாய்களுக்கென்றும், சிறுபிள்ளைகளுக்கான பாணியாகவும் விற்கப்படுகிறது.

அளவு: 2 கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு, நிறையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நாய்க்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் பைரன்ரெல் உள்ள பாணியாக இருந்தால் கணக்கு இவ்வாறு வரும்:

அரைக் கிலோ குட்டிக்கு 0.1 மில்லிலீற்றர்
ஒரு கிலோ குட்டிக்கு 0.2 மில்லிலீற்றர்
ஒன்றரைக் கிலோ குட்டிக்கு 0.3 மில்லிலீற்றர்
12 கிலோ தாய் நாய்க்கு 1.2 மில்லிலீற்றர்

போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறுபடும். எனவே உறையில் எழுதியிருப்பதை வாசித்து, மேற்படி கணக்கை ஒருமுறை கால்நடை வைத்தியரிடமோ மருந்துக் கடையிலோ காட்டி உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும்.

பென்பெண்டசோல் என்பதும் குட்டிக்கு ஏற்ற மருந்தே. கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று நாட்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கு இவ்விரண்டும் போதா. அதற்குப் பிரசிகுவான்ரெல் என்ற மருந்து உண்டு. நான்கு கிழமைக்குக் குறைந்த குட்டிக்கு அது கொடுக்கப்படுவதில்லை. தெள்ளை ஒழிக்காமல் அதைக் கொடுத்தால் நாடாப்புழு மீண்டும் வரும்.

எப்போது கொடுப்பது?

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. "கண் திறக்கட்டும், பால் மறக்கட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்:

1. பிறந்து 2 கிழமையில் முதல் முறை.
2. பின்னர் 4, 6, 8 ஆம் கிழமைகளில்.
3. அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை.
4. ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்? மருந்து குடலிலுள்ள புழுவை மட்டுமே வெளியேற்றும். தசையிலும் நுரையீரலிலும் உள்ள குஞ்சுகள் இரண்டு கிழமையில் குடலுக்கு வந்து சேரும். தாய்ப்பால் வழியாகவும் புதிய குஞ்சுகள் வந்துகொண்டிருக்கும். ஒரு முறை கொடுத்துவிட்டு நிறுத்துவது, களை பிடுங்கிய நிலத்தில் விழுந்து கிடக்கும் விதையை மறந்துவிடுவது போன்றதாகும்.

குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாளில் தாய் நாய்க்கும் கொடுங்கள். குட்டிகளை நக்கித் துப்புரவாக்கும்போது அவற்றின் புழுமுட்டைகளைத் தாய் விழுங்குகிறது. சினைக்காலத்திலேயே தாய்க்குப் பென்பெண்டசோல் கொடுத்துக் குட்டிகளுக்குப் பூச்சி போவதைக் குறைக்கும் முறையும் உண்டு. வசதியுள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம்.

முதல் மருந்து கொடுத்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஒன்றுவிட்ட ஞாயிறு என்று நினைவில் வைப்பது சுலபம். இடையில் மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலும் அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

செலவைப் பற்றியும் கூற வேண்டும். ஆறு குட்டிகளுக்கு நான்கு முறைக்கும் சேர்த்து ஏறத்தாழ 6 மில்லிலீற்றரும், தாய்க்கு 5 மில்லிலீற்றரும் போதும். அதாவது 15 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றே ஓர் ஈற்றுக்குப் போதுமானது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மருந்து வாங்கி, ஒரே நாளில் எல்லா நாய்களுக்கும் கொடுத்தால் பலனும் கூடும். பக்கத்து வளவு நாயை விட்டுவிட்டு எமது நாய்க்கு மட்டும் கொடுப்பதால் முற்றத்து மண் சுத்தமாகாது.

கொடுக்கும் முறை

கடைத் தராசிலோ சமையல் தராசிலோ குட்டியை ஒரு பையில் வைத்து நிறுங்கள். தராசு இல்லையென்றால் நேரான ஒரு தடியை நடுவில் கயிற்றால் தூக்கி, ஒரு நுனியில் அரைக் கிலோ சீனிப் பொதியையும் மறு நுனியில் பையிலிட்ட குட்டியையும் தொங்க விட்டுப் பார்க்கலாம். கண்மட்டம் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுக்க வேண்டும். குட்டியின் நிறை இரண்டு கிழமையில் இரட்டிப்பாகலாம்.

மருந்து அடியில் தங்கும் தன்மையுடையது. எனவே போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். ஊசி கழற்றிய ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் அளந்து எடுங்கள். குட்டியின் தலையை அதிகம் மேலே தூக்காமல், கடைவாயின் ஓரமாகச் சிறிஞ்சின் நுனியை வைத்து மெதுவாக விடுங்கள். மளமளவென்று ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பட்டினி போடத் தேவையில்லை. அடுத்த ஓரிரு நாட்களில் புழுக்கள் மலத்தோடு வெளிவரலாம். வராவிட்டாலும் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுபடி கொடுக்க வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை

ஆடு மாட்டுக்கான லெவாமிசோல், அல்பெண்டசோல் மருந்துகளையும், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசி மருந்தையும் குட்டிக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மெபெண்டசோல் வில்லையும் வேண்டாம். அது சில நாய்களின் ஈரலைப் பாதித்திருக்கிறது. பைப்பரசீன் என்ற பழைய மருந்து வட்டப்புழுவை மட்டுமே வெளியேற்றும். இரத்தம் குடிக்கும் கொழுக்கிப்புழு அப்படியே இருக்கும்.

மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர் ஆகியன நஞ்சு. கொட்டைப்பாக்கில் நாடாப்புழுவை வெளியேற்றும் சத்து உண்மையிலேயே உண்டு. முற்காலத்தில் அது நாய்களுக்கு மருந்தாகவும் பயன்பட்டது. ஆனால் கடும் வயிற்றோட்டத்தையும் வலிப்பையும் தரக்கூடியதாகையால் குட்டிக்கு ஆகாது. உள்ளி அதிகமானால் நாயின் இரத்தக் கலங்களை உடைக்கும். ஏற்கனவே இரத்தம் குறைந்த குட்டிக்கு அது இரட்டைக் கேடாகும். எமது முன்னோரின் கைவைத்தியத்தை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆனால் மனிதருக்கு ஏற்றதெல்லாம் அரைக் கிலோ உயிருக்கு ஏற்றதாகாது.

பிள்ளைகளும் முற்றத்து மண்ணும்

இதுவரை குட்டியைப் பற்றிப் பேசினோம். இனி, அதனோடு விளையாடும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும்.

வட்டப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு முதல் நான்கு கிழமை கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகிறது. அதன் பிறகு வருடக்கணக்கில் உயிருடன் இருக்கும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் அது சென்றால், குஞ்சு வெளிவந்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் போகும். கண்ணுக்குப் போனால் அக்கண்ணின் பார்வை கெடலாம்.

கொழுக்கிப்புழுவின் முட்டை ஈரமான, நிழலான மணலில் ஒரு கிழமைக்குள் தொற்றும் குஞ்சாகிவிடும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, பாம்பு ஊர்ந்தாற் போன்ற சிவந்த கோட்டையும் தாங்க முடியாத கடியையும் உண்டாக்கும். நாய்களின் கொழுக்கிப்புழு வகைகளில் ஒன்று எமது நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1911 இல் லூஸ் என்ற விஞ்ஞானி, இலங்கையில் புனுகுப் பூனை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட புழுவுக்கு சிலோன் என்ற பெயரைச் சேர்த்து அன்சைலொஸ்ரோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். அது மனிதரின் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்க வல்லது.

பல குடும்பங்கள் ஒரே கிணற்றையும் ஒரே முற்றத்தையும் பாவிக்கும் இடங்களில் இந்த ஆபத்து அதிகம். ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

நாய் மலத்தைத் தினமும் மண்வெட்டியால் வாரிக் குழியில் போட்டு மூடுங்கள். முட்டை முற்றுவதற்கு முன்னரே அகற்றிவிட்டால் தொற்று இல்லை. குழி கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும். நாய் மலத்தை எருக்கும்பியிலோ மரக்கறிப் பாத்தியிலோ போட வேண்டாம்.

கிணற்றடி வாழைப் பாத்தியின் ஈர மண்ணில் குட்டிகளைப் படுக்க விட வேண்டாம். வெயில் படும் உலர்ந்த மேட்டில் இடம் கொடுங்கள். படுக்கைச் சாக்கைக் கிழமைக்கொரு முறை கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள்.

சீமெந்துத் தரையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். வட்டப்புழு முட்டை பினாயிலுக்கும் குளோரினுக்கும் சாவதில்லை. கொதிநீருக்குச் சாகும்.

பிள்ளைகள் செருப்புப் போடட்டும். குட்டியோடு விளையாடிய பின்னும், சாப்பிட முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். மண் தின்னும் பழக்கமுள்ள பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

குட்டியைத் துரத்தி விடுவது இதற்குத் தீர்வல்ல. துரத்தப்பட்ட குட்டி மருந்தில்லாமல் ஊரெல்லாம் முட்டையைப் பரப்பும். கால்நடை வைத்தியரிடம் போகும்போது விசர்நாய்த் தடுப்பூசியைப் பற்றியும், பெண் நாய்க்குக் கருத்தடை செய்விப்பதைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள். வளர்க்க முடிந்த அளவு குட்டிகளே இருந்தால் பராமரிப்பும் ஒழுங்காக நடக்கும்.

முல்லைத்தீவு ஆச்சியின் மிஞ்சிய மூன்று குட்டிகளில் ஒன்று பின்னர் அவருடைய நிலக்கடலைத் தோட்டத்துக்குக் காவலாக இருந்தது. அதற்குக் கால்நடை வைத்தியர் சொன்ன மருந்தை, அவர் சொன்ன அளவில், நிறுத்துக் கொடுத்தோம். அந்த வளவில் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குப் பதினாலாம் நாளே மருந்து தொடங்கிவிட்டார் ஆச்சி. நான் நினைவூட்டத் தேவை இருக்கவில்லை.

உங்கள் வளவிலும் குட்டி ஈன்ற நாய் இருந்தால், இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கிழமை ஆகியிருந்தால் குட்டியை நிறுத்து, மருந்தைத் தொடங்குங்கள்.